கைக்கு ஒரு கட்டு, கண்ணுக்கு ஒரு கட்டு

இ-லேர்னிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடும் ஷார்ட்கட், கன்ட்ரோல்+ஜி. நாலைந்து பொருள்களை வளைத்துப் பிடித்து அழுத்தினால் குரூப் ஆகிவிடும். ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். அதோடு அந்தப் பாடம் முடிந்தது என்று அனிமேஷன் பக்கம் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணா, குரூப் பண்ணேன். போட்டு வச்ச அனிமேஷன் எல்லாம் காணோம்!"

"பவர்பாயின்ட்லயா?"

"ஆமா."

"கன்ட்ரோல்+இசட் அடி. அடிச்சிட்டு இங்க வா."

அந்த 'இங்க வா'வுக்குப் பிறகு நான் வழக்கமாகச் சொல்வதுதான் இந்தப் பதிவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

முதலில் அந்த அனிமேஷன் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். பவர்பாயின்ட்டைப் பொறுத்தவரை குரூப் என்பது ஒரே ஒரு பொருள். உள்ளே பத்து உருப்படி இருந்தாலும் அனிமேஷன் பேனில் அதற்கு ஒரு பெயர்தான். எனவே தனித்தனியாக அனிமேஷன் போட்டு வைத்த பொருள்களைக் குரூப் செய்தால் அவற்றை அது தூக்கி எறிந்துவிடும். குரூப்புக்கு அனிமேஷன் போட்டுவிட்டுப் பிறகு பிரித்தாலும் அதே கதைதான். உள்ளே இருக்கும் ஒன்றை மட்டும் தனியாக ஆட வைக்கவும் வழியில்லை. டைட்டில், பாடி போன்ற பிளேஸ்ஹோல்டர்களைக் குரூப்பில் சேர்க்கவே விடாது. மெனுவில் அந்த வரி மங்கிக் கிடக்கும். இதெல்லாம் மென்பொருளின் குறை என்று நினைக்காதீர்கள். குரூப் என்றால் என்ன என்பதற்குப் பவர்பாயின்ட் எடுத்துக்கொண்ட ஒரு நிலைப்பாடு அது. கட்டினால் ஒன்று, அவ்வளவுதான்.

ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் கொஞ்சம் வேறு மாதிரி. 2012இல் முதல் பதிப்பு வந்தபோதே பார்ப்பதற்குப் பவர்பாயின்ட்டின் தம்பி போலத்தான் இருந்தது. ஆனால் அடியில் ஒரு டைம்லைன் ஓடும். அதில் குரூப்புக்கு ஒரு வரிசை. பக்கத்திலுள்ள சின்ன முக்கோணத்தை அழுத்தினால் விரிந்து உள்ளே இருப்பவை எல்லாம் தெரியும். குரூப்புக்கு மொத்தமாக மோஷன் பாத் போடலாம். குரூப்புக்கென்று தனியாக ஸ்டேட் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஸ்டேட் உண்டு, ட்ரிகர் வைத்து அதை மாற்றலாம். இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது கீழே பம்பு வரும்போது புரியும். இன்னொன்று: ஒரு லேயரில் இருப்பதையும் மற்றொரு லேயரில் இருப்பதையும் சேர்த்துக் கட்ட முடியாது.

ஃப்ளாஷ் காலத்து ஆட்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள், நானும்தான். அதில் இரண்டு வகைக் கட்டு இருந்தது. கன்ட்ரோல்+ஜி போட்டால் வெறும் குரூப், இழுக்க வசதி, அவ்வளவே. எஃப்8 போட்டு மூவி க்ளிப் ஆக்கினால் அதற்கென்று சொந்தமாக ஒரு டைம்லைன் கிடைக்கும். சக்கரத்தை உள்ளே சுற்ற விட்டுவிட்டு வண்டியை வெளியே ஓட்டலாம். லைப்ரரியில் ஒன்றைத் திருத்தினால் ஸ்டேஜில் போட்ட அத்தனை நகலும் திருந்தும். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷ் ப்ளேயரின் கதையை அடோபி முடித்துவிட்டது. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் போக வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 'கைக்கான கட்டு வேறு, அசைவுக்கான கட்டு வேறு' என்று இரண்டு தனித்தனிச் சாவியாக அது பிரித்து வைத்திருந்ததே, அந்தத் தெளிவு இப்போது நாம் தினமும் திறக்கும் கருவிகளில் இல்லை. இரண்டுக்கும் ஒரே கன்ட்ரோல்+ஜி. அதனால் பிரித்துப் பார்க்கும் வேலை நம் தலையில்.

நான் சொல்ல வருவது இதுதான். நாம் போடும் குரூப்புகளில் பாதிக்கு மேல் நம் கைக்காக. ஐகானையும் அதன் வட்டத்தையும் கட்டுகிறோம், நகர்த்தும்போது சிதறக்கூடாது என்று. நாலு பட்டனைக் கட்டுகிறோம், அலைன் செய்ய எளிது என்று. இவை பாடம் படிப்பவருக்குத் தெரியவே தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்தக் கட்டுக்கு ஒரு அனிமேஷன் போட்ட நொடியில் விஷயம் மாறுகிறது. இவை எல்லாம் ஒன்று என்று பார்ப்பவருக்கு அறிவிக்கிறோம். அது உண்மையா என்று யாரும் யோசிப்பதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923இல் எழுதிய கட்டுரையில், கண் எதையெல்லாம் வைத்துப் பொருள்களைக் கூட்டம் சேர்க்கிறது என்று விவரிக்கிறார். பக்கத்தில் இருப்பவை, ஒரே நிறத்தில் இருப்பவை என்று போகும் அந்த வரிசையில் ஒன்று: ஒரே திசையில் ஒரே நேரத்தில் நகர்பவை. சிதறிக் கிடக்கும் புள்ளிகளில் ஐந்து மட்டும் சேர்ந்து நகர்ந்தால் போதும், நிறமும் இடமும் வேறாக இருந்தாலும் அந்த ஐந்தும் ஒரு கூட்டமாகிவிடும். அசைவு அவ்வளவு வலுவானது. ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியன் சிம்மலும் 1944இல் இன்னும் ஒரு படி போனார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு செவ்வகம். இவை மட்டும் அசையும் ஒரு குட்டிப் படத்தைப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் முக்கோணம், வட்டம் என்று பேசவில்லை. ஒருவன் மிரட்டுகிறான், ஒருத்தி ஓடி ஒளிகிறாள் என்று கதையே சொன்னார்கள். வெறும் கோடுகளிலேயே இவ்வளவு பார்க்கும் கண்ணுக்கு முன்னால் நாம் 'ஃப்ளை இன்' போடுகிறோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பம்பு. கற்றல் ஆய்வுகளில் சைக்கிள் பம்புக்கு ஒரு தனி இடம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயரும் ரிச்சர்ட் ஆண்டர்சனும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அனிமேஷனாகக் காட்டினார்கள். விளக்கக் குரலும் படமும் ஒரே நேரத்தில் வந்தபோது, குரலை முதலில் கேட்டுப் படத்தைப் பிறகு பார்த்தவர்களைவிட, புதிய கேள்விகளுக்கு யோசித்துப் பதில் சொல்வதில் மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். நம் தொழிலில் வாய்ஸ் ஓவரையும் அனிமேஷனையும் 'சிங்க்' பண்ணு, சிங்க் பண்ணு என்று ரிவ்யூவில் அடித்துக்கொள்வதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பம்பு பிடித்ததற்குக் காரணம் வேறு. குரூப் பற்றிச் சொல்லித் தர அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கைப்பிடி, தண்டு, பிஸ்டன், சிலிண்டர், உள்ளே காற்று வர ஒரு வால்வு, வெளியே காற்று போக ஒரு வால்வு, ஹோஸ். கைப்பிடியை மேலே இழுத்தால் பிஸ்டனில் இருக்கும் உள்வால்வு திறந்து அடியறையில் காற்று நிறையும். அப்போது வெளிவால்வு மூடியிருக்கும். கீழே அழுத்தினால் உள்வால்வு மூடிக்கொள்ளும், வெளிவால்வு திறக்கும், காற்று ஹோஸ் வழியே டயருக்குப் போகும். (நம் ஊர் சைக்கிள் கடைப் பம்பில் உள்வால்வு என்று தனியாக ஒன்றைத் தேடினால் கிடைக்காது. பிஸ்டன் முனையில் இருக்கும் கிண்ணம் போன்ற தோல் வாஷர்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேலே இழுக்கும்போது அதன் விளிம்பு தளர்ந்து காற்றை விடும், அழுத்தும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். படத்தில் அதை ஒரு சின்னக் கதவாகப் போடுவது விளக்கத்துக்காக.)

இதைக் கொடுத்துக் குரூப் செய்யச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் முழுப் பம்பையும் கட்டிவிடுவார்கள். நகர்த்த வசதி! சிலர் சிலிண்டர், இரண்டு வால்வு, ஹோஸ் எல்லாம் ஒன்று, கைப்பிடி மட்டும் தனி என்பார்கள். படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை வைத்துக் கட்டுவது அது. எது எதோடு அசைகிறது என்று பார்த்தால் கட்டு வேறு மாதிரி விழும். கைப்பிடி, தண்டு, பிஸ்டன் மூன்றும் இரும்பில் ஒன்று, எனவே திரையிலும் ஒன்று. சிலிண்டர், ஹோஸ், வெளிவால்வின் சட்டம் ஆகியவை அசையாதவை; அவற்றைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒன்றுதான், அது கைக்கான கட்டு. வெளிவால்வின் கதவு தனி. மிச்சம் இருப்பது உள்வால்வு. அதுதான் சோதனை. பிஸ்டனோடு மேலும் கீழும் போகவும் வேண்டும், தானாகத் திறந்து மூடவும் வேண்டும்.

பவர்பாயின்ட்டில் இதற்கு நேர்வழி இல்லை. பிஸ்டன் குரூப்புக்குள் கதவைப் போட்டுவிட்டால் அது திறக்காது. எனவே வெளியே வைத்து, பிஸ்டனுக்குப் போட்ட அதே மோஷன் பாத்தைக் கதவுக்கும் அனிமேஷன் பெயின்ட்டரால் நகலெடுத்து, 'வித் ப்ரீவியஸ்' வைக்க வேண்டும். நகலெடுத்த பிறகு ஒன்றில் மட்டும் நேரத்தையோ ஸ்மூத் ஸ்டார்ட்டையோ மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் சரியாக இருக்கும், நடுவழியில் மட்டும் கதவு பிஸ்டனை விட்டு ஒரு மயிரிழை விலகிப் போய்த் திரும்பச் சேரும். ரிவ்யூவில் யாராலும் அது என்னவென்று சொல்ல முடியாது. "ஏதோ சரியில்லை" என்று மட்டும் கமென்ட் வரும். அந்த வகைக் கமென்ட்டுக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும்.

கதவைச் சுழற்றுவதில் இன்னொரு சிக்கல். 'ஸ்பின்' போட்டால் எந்தப் பொருளும் தன் நடுமையத்தை வைத்துத்தான் சுற்றும். கதவு கீலில் சுற்ற வேண்டும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. கதவை நகலெடுத்து, கீலுக்கு மறுபுறம் கண்ணாடிப் பிம்பம் போல வையுங்கள். நகலுக்கு நிறமும் வேண்டாம், கோடும் வேண்டாம். இரண்டையும் குரூப் செய்யுங்கள். இப்போது குரூப்பின் மையம் கீலில் விழும். ஸ்பின்னை 45 டிகிரி என்று வைத்தால் கதவு கதவு மாதிரி திறக்கும். குரூப்பை இப்படி அசைவுக்காகவே ஒருவர் பயன்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிடும்.

ஸ்டோரிலைனில் நான் இந்த வித்தையெல்லாம் காட்ட மாட்டேன். கதவுக்கு 'மூடியது', 'திறந்தது' என்று இரண்டு ஸ்டேட். கைப்பிடி, தண்டு, பிஸ்டன், உள்வால்வுக் கதவு நான்கும் ஒரே குரூப். குரூப்புக்கு மேலே போக ஒரு மோஷன் பாத், கீழே வர ஒன்று. மேலே கிளம்பும்போது கதவின் ஸ்டேட்டை ட்ரிகரால் 'திறந்தது' ஆக்கு, கீழே கிளம்பும்போது 'மூடியது'. குரூப் நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே இருப்பது தன் வேலையைப் பார்க்கும். இரண்டாவது பாத்தில் மட்டும் 'ரிலேட்டிவ் ஸ்டார்ட் பாயின்ட்'டை டிக் செய்ய மறந்தால் பிஸ்டன் முதலில் பழைய இடத்துக்கு ஒரு குதி குதித்துவிட்டுத்தான் நகரும்.

பிஸ்டன் சிலிண்டருக்கு உள்ளே இருப்பதாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குச் சிலிண்டரை இரண்டாக வரைவோம்: பின்சுவர் ஒன்று, முன்பக்கம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சுவர் ஒன்று. பிஸ்டன் இரண்டுக்கும் நடுவில். எல்லாம் அழகாக அமைந்த பிறகு யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு இரண்டு சுவரையும் சேர்த்துக் குரூப் செய்வார். போச்சு. குரூப்பில் இருப்பவை முன்பின் வரிசையில் அடுத்தடுத்து வந்துவிடும். நடுவில் வேறெதையும் வைத்துக்கொள்ளாது. பிஸ்டன் ஒன்று இரண்டு சுவருக்கும் பின்னால் போகும், இல்லையென்றால் இரண்டுக்கும் முன்னால் மிதக்கும். சேர்க்கக் கூடாதவற்றைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உடனடித் தண்டனை கிடையாது.

அடுத்தது எழுத்து. லேபிளைப் பொருளோடு குரூப் செய்வது இயல்பாகவே கை போகும் விஷயம். 'பிஸ்டன்' என்ற சொல் பிஸ்டனுக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும்? இருக்க வேண்டும்தான், நிற்கும்போது. நகரும் எழுத்தைக் கண் படிக்காது, துரத்தும். துரத்துகிற அந்த இரண்டு விநாடியில்தான் வால்வு திறந்து மூடியிருக்கும். பாடத்தின் உயிரே அதுதான். நான் லேபிள்களை எப்போதும் நகரும் குரூப்புக்கு வெளியே வைப்பேன். முதல் காட்சியில் எதுவும் அசையாது. பெயர்கள் மட்டும் தெரியும், படிக்க நேரம் கொடுக்கும். பிறகு பெயர்கள் மங்கி மறையும், அதற்கப்புறம்தான் கைப்பிடி நகரும். அசையும்போது அடையாளத்துக்கு நிறம் போதும்: பிஸ்டன் ஆரஞ்சு என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் அது எங்கே போனாலும் ஆரஞ்சுதான். லேபிளிலிருந்து பொருளுக்கு இழுக்கும் கோடு இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஒரு முனை நிற்க வேண்டும், மறுமுனை நகர வேண்டும். ரப்பர் போல நீளும் கோடு இந்தக் கருவிகளில் இல்லை, எனவே அசைவு நின்ற பிறகு மட்டும் கோட்டைக் காட்டுங்கள்.

குரூப்பைப் பிடித்து மூலையில் இழுத்துச் சின்னதாக்கும் பழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவர்பாயின்ட்டில் வடிவங்கள் சுருங்கும், எழுத்தின் அளவு சுருங்காது. பெட்டி சிறுத்து, உள்ளே சொற்கள் பிதுங்கி நிற்கும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழுக்கு மாற்றும் வேலை எடுத்தவர்களுக்கு இது தினசரித் தலைவலி. ஆங்கிலத்தில் இரண்டு சின்னச் சொற்களில் முடிந்த பட்டன், தமிழில் 'விடையைச் சமர்ப்பிக்கவும்' என்று நீண்டு இரண்டு வரியாகும். பட்டனும் ஐகானும் நிழலும் ஒரே குரூப்பில் இருந்தால், பட்டனை மட்டும் அகலப்படுத்த ஒவ்வொரு ஸ்லைடிலும் உள்ளே போய்த் தோண்ட வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் போகப்போகிற கோப்பு என்று தெரிந்தால் எழுத்து இருக்கும் பெட்டிகளைக் குரூப்புக்கு வெளியே விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

மொழி மாறினால் குரலின் நீளமும் மாறும். ஆங்கிலக் குரலில் ஆறாவது விநாடியில் வந்த 'வால்வு திறக்கிறது', தமிழில் எட்டாவது விநாடிக்குத் தள்ளிப் போகும். ஸ்டோரிலைனில் ஒவ்வொரு பொருளையும் டைம்லைனில் கையால் இழுத்து வைத்திருந்தால் அத்தனையையும் மறுபடி இழுக்க வேண்டும். க்யூ பாயின்ட் இதற்காகத்தான் இருக்கிறது. டைம்லைனை ஓடவிட்டு, குரலைக் கேட்டுக்கொண்டே வேண்டிய இடத்தில் கீபோர்டில் சி எழுத்தைத் தட்டினால் ஒரு புள்ளி விழும். அசைவைத் தொடங்கும் ட்ரிகரை 'டைம்லைன் இந்தப் புள்ளியை எட்டும்போது' என்று கட்டிவிட்டால், குரல் மாறும்போது புள்ளியை மட்டும் நகர்த்தினால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும். ரைட் க்ளிக் செய்து 'அலைன் டு க்யூ பாயின்ட்' கொடுப்பது வேறு. அது அந்த நேரத்துக்கு மட்டும் ஒட்டி வைக்கும். இதையும் நான் ஒரு வகைக் கட்டாகத்தான் பார்க்கிறேன். இடத்தில் கட்டுவது கன்ட்ரோல்+ஜி, நேரத்தில் கட்டுவது க்யூ பாயின்ட்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பாதி இடத்தில் அனிமேஷனே வேண்டாம் என்றும் சொல்லப்போகிறேன். மேயரே அதற்குச் சாட்சி. 2005இல் அவரும் மேரி ஹெகார்ட்டியும் இன்னும் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் நான்கு பாடங்கள்: மின்னல் எப்படி உண்டாகிறது, கழிப்பறை ஃப்ளஷ் டாங்க் எப்படி வேலை செய்கிறது, கடல் அலை, கார் பிரேக். ஒரு கூட்டத்துக்குக் குரலோடு அனிமேஷன். மற்றொரு கூட்டத்துக்குத் தாளில் வரிசையாகப் படங்களும் எழுத்தும். நினைவில் நின்றதா, வேறு கேள்விக்குப் பயன்படுத்த முடிந்ததா என்று மொத்தம் எட்டு ஒப்பீடுகள். நான்கில் தாளில் படித்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். மற்ற நான்கில் வித்தியாசமில்லை. அனிமேஷன் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

தாளில் படிப்பவர் வேண்டிய இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, தானே மனதுக்குள் அசைத்துப் பார்க்கிறார். அனிமேஷன் அவருக்காகக் காத்திருப்பதில்லை. பார்பரா ட்வெர்ஸ்கியும் கூட்டாளிகளும் 2002இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: அசைவு கண்ணுக்குப் பிடிபடும் வேகத்தில் இருக்க வேண்டும், விளக்கப்படும் விஷயத்தின் அமைப்போடு ஒத்துப்போகவும் வேண்டும். பம்பு அசைகிறது, எனவே அசைத்துக் காட்டலாம். நிறுவனத்தின் ஐந்து கொள்கைகள் அசைவதில்லை. அவை ஏன் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கத்திலிருந்து பறந்து வர வேண்டும்?

க்ளையன்ட் கேட்டார் என்பதுதான் வழக்கமான பதில். "ஸ்லைடு கொஞ்சம் டல்லா இருக்கு, ஏதாவது மூவ்மென்ட் குடுங்க." எனக்கும் வரும் அந்த மெயில். நான் ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புவேன்: இந்த ஸ்லைடில் படிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பதில் வந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு 'ஃபேட்' போதும். சில சமயம் பதில் வராது, வேறு வேலையில் மறந்துவிடுவார்கள், அதுவும் நல்லதே. ஐந்து பாயின்ட்டையும் தனித்தனியாகப் பறக்க விடுவதற்குப் பதில், தலைப்பையும் அதன் விளக்கத்தையும் ஜோடி ஜோடியாகக் கட்டி, குரல் அந்த இடத்துக்கு வரும்போது ஜோடியாகத் தெரிய வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இது அதனுடையது என்று அசைவே சொல்லிவிடும். ஆனால் ஒரு படத்தில் காரணத்தையும் விளைவையும் ஒரே குரூப்பாக ஒரே நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், எது முன்னால் எது பின்னால் என்ற வரிசை அழிந்துவிடும். பாதுகாப்புப் பயிற்சிப் பாடங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். எண்ணெய் தரையில் சிந்துகிறது, ஆள் வழுக்கி விழுகிறார். இரண்டும் ஒன்றாக ஃபேட் ஆகி வந்தால் அது செய்தி அல்ல, சுவரொட்டி.

அணுகல்தன்மை பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் கடைசி நிமிடத்தில் க்யூ.ஏ.வில் மாட்டுவது இதுதான். இணைய உள்ளடக்கத்துக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளில், தானாகத் தொடங்கி மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 விநாடிக்கு மேல் அசைவது எதுவானாலும் அதை நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே வருகிறது. பம்பு முடிவில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் ஸ்லைடு இதில் விழுந்துவிடும். ஒரு நிறுத்து பட்டன் வையுங்கள். திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவர்களுக்கு உங்கள் குரூப் தெரியாது, உதிரிகள்தான் காதில் விழும். 'அம்புக்குறி 12, நீள்வட்டம் 7, செவ்வகம் 31' என்று அது படித்துக்கொண்டே போவதை ஒரு முறை ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். பவர்பாயின்ட்டில் குரூப்புக்கே ஒரு ஆல்ட் டெக்ஸ்ட் கொடுக்கலாம்: 'கைப்பிடி மேலே இருக்கும் நிலையில் சைக்கிள் பம்பு'. ஸ்டோரிலைனில் அலங்காரத்துக்கு வைத்தவற்றை அணுகல் கருவிகளின் கண்ணிலிருந்து மறைக்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது.

கடைசியாகப் பெயர். இதைக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வேறு கையிலிருந்து நமக்கு வரும் கோப்பைத் திறந்தால் டைம்லைனில் குரூப் 1, குரூப் 1, குரூப் 4, ரெக்டாங்கிள் 37, பிக்சர் 9. ட்ரிகர் பேனில் 'குரூப் 4ஐ மோஷன் பாத் 2 வழியாக நகர்த்து' என்று எழுதியிருக்கும். எது குரூப் 4? ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் திறந்து பார்க்க வேண்டும். அதாவது டைம்லைனில் இருக்கும் கண் படத்தை. 'பிஸ்டன்_நகரும்', 'சிலிண்டர்_முன்', 'சிலிண்டர்_பின்' என்று எழுத அரை நிமிடம் ஆகாது. பவர்பாயின்ட்டில் ஆல்ட்+எஃப்10 அழுத்தினால் செலக்ஷன் பேன் திறக்கும், டபுள் க்ளிக் செய்து மாற்றலாம். அங்கே பெயர் வெறும் ஒழுங்குக்காக மட்டும் அல்ல. மார்ஃப் ட்ரான்சிஷனில் இரண்டு ஸ்லைடிலும் ஒரே பெயரை இரண்டு ஆச்சரியக்குறியோடு தொடங்கி வைத்தால், இதுவும் அதுவும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றாக உருமாற்றிக் காட்டும்.

எங்கள் டீமில் நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றே ஒன்று. நகரப்போகும் குரூப்பின் பெயரில் 'நகரும்' என்று சேர்த்துவிட வேண்டும். அந்தச் சொல் இல்லாத குரூப் எல்லாம் கைக்கானது. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், சேர்க்கலாம். அந்தச் சொல் இருந்தால் கேட்காமல் தொடக்கூடாது. இதைவிட நல்ல முறை உங்கள் டீமில் இருந்தால் கீழே எழுதுங்கள். கேப்டிவேட்டில் வேலை செய்பவர்கள் அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அடுத்த மாதம் எங்களுக்கு அதில் ஒரு ப்ராஜெக்ட் வருகிறது.